மூன்று பள்ளிகளையும் கிளவுடு மென்பொருளுக்கு மாற்றுகிறோம், ஜூனுக்குள் முடியுமா?

தென்பெண்ணை | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அறக்கட்டளைக்கு மூன்று மெட்ரிக் பள்ளிகள். காரிமங்கலம் பக்கம் ஒன்று, காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்று, இன்னொன்று ராயக்கோட்டை ரோட்டில். மூன்றுக்கும் பொதுவான நிர்வாக அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன்.

மூன்று பள்ளியிலும் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய மென்பொருள் ஓடுகிறது. அட்மிஷன், ஃபீஸ் ரசீது, ரேங்க் கார்டு, டிசி எல்லாம் அதில்தான். எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். புது விண்டோஸில் அது திறக்காது என்பதால் கம்ப்யூட்டரையும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். அண்ணன் ஒரு பள்ளியிலும் தங்கை இன்னொரு பள்ளியிலும் படித்தால், அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. சலுகை கேட்டு அப்பா வந்து நின்றால் போன் போட்டுத்தான் விசாரிக்க வேண்டும்.

தாளாளர் இப்போது கிளவுடுக்குப் போய்விடலாம் என்கிறார். ஒரு கம்பெனியிலிருந்து வந்து டெமோ காட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழைய டேட்டாவை எக்செல்லில் கொடுங்கள், பத்தே நாளில் ஏற்றிவிடுகிறோம், ஜூனில் பள்ளி திறக்கும்போது புதுசில் ஓட்டலாம் என்கிறார்கள். இப்போது ஏப்ரல் கடைசி.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அரசின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை என்று இரட்டை வேலை ஆகிவிடுமோ என்று ஆபீஸில் இருக்கும் பெண்கள் பயப்படுகிறார்கள். எனக்கு வேறு பயம். பிள்ளைகளின் விவரம் மொத்தமும் யாரோ ஒருவருடைய சர்வரில் கிடக்கப் போகிறது.

சிப்காட்2 | ஞாயிறு இரவு

பள்ளிகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஓசூரில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, விளம்பரமாகிவிடும்.

பத்து நாள் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. அது ஏற்றுவதற்கு ஆகும் நாள். சுத்தமான எக்செல் கையில் இருந்தால் ஒரு மத்தியானத்தில்கூட ஏற்றிவிடலாம். உங்கள் எக்செல் சுத்தமாக இருக்காது, அங்கேதான் சிக்கல்.

முதலில் ஒன்று பாருங்கள். பழைய மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடை ஏற்று தமிழக அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் நம் பக்கத்துப் பள்ளிகளில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துவைத்த டேட்டாதான் பாதிக்கு மேல் கையில் வருகிறது. வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றக் கருவி உண்டு, பெயரை மட்டும் பார்த்தால் ஒழுங்காகவே மாற்றும். தமிழ்ப் பெயருக்கு முன்னால் இனிஷியலை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் தொலைந்தது. அந்த ஒற்றை எழுத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். K. செல்வி என்பது சம்பந்தமே இல்லாத ஓர் எழுத்துடன் வந்து நிற்கும். நூறு பெயரில் எண்பது சரியாக இருப்பதால் மீதி இருபது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது எக்செல். 12 இலக்க ஆதார் எண்ணை அப்படியே ஒட்டினால் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும், அதைப் பார்த்துப் பலரும் உஷாராகிவிடுவார்கள். பழைய 16 இலக்க எமிஸ் எண்தான் மோசம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். ஒரே வகுப்பில் அடுத்தடுத்து எண் வாங்கிய பிள்ளைகளுக்கு வித்தியாசமே அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே எண் ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். ஒட்டிவிட்டு மாற்றிப் பிரயோஜனமில்லை, போன இலக்கம் திரும்பாது.

பிறந்த தேதியும் அப்படித்தான். 05/06/2014 என்பது ஜூன் 5ஆ, மே 6ஆ? கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தேதிப் பத்தியைக் கண்ணால் ஓட்டுங்கள். 13 முதல் 31 வரையுள்ள தேதிகள் மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், 12 வரையுள்ள தேதிகள் எல்லாம் நாளும் மாதமும் தலைகீழாகிவிட்டன என்று அர்த்தம்.

பேரேடு | திங்கள் காலை

மேலே தம்பி சொன்னதெல்லாம் சரி. பள்ளி ஆபீஸிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சுத்தம் செய், சுத்தம் செய் என்கிறீர்கள். எதை வைத்துச் சுத்தம் செய்வது?

வேப்பனப்பள்ளி பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஆதார் அங்கே எடுத்தார்கள், அதில் அப்பா பெயர் முனியப்பா. பிறப்புச் சான்றிதழ் கிருஷ்ணகிரியில் வாங்கியது, அதில் முனியப்பன். பையனுக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், முந்தைய பள்ளி டிசியில் பெயருக்கு முன்னால். எமிஸில் யாரோ இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போட்டிருக்கிறார்கள். நாலு இடத்தில் நாலு பெயர், நாலுமே அரசாங்க முத்திரை உள்ளது. கம்பெனிக்காரப் பையன் வந்து எது ரைட் சார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே. அட்மிஷன் ரிஜிஸ்டர். பீரோவில் இருக்கும் அந்த நீள நோட்டை எடுங்கள். சேர்க்கை எண், பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, சாதி, முன்பு படித்த பள்ளி, கடைசிப் பத்தியில் டிசி எண், போன தேதி. எங்கே திருத்தியிருக்கிறதோ அங்கே சிவப்பு மையில் அடித்து, தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கும். எந்தச் சான்றை வைத்துத் திருத்தினார்கள் என்றும் குறித்திருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் அதைத்தான் கொண்டுபோய்க் காட்டுவீர்கள், கம்ப்யூட்டரை யாரும் கொண்டுபோவதில்லை.

ஆகவே வகுப்புவாரியாகப் பிரிண்ட் எடுங்கள். ஒருவர் ரிஜிஸ்டரை வாய்விட்டுப் படிக்கட்டும், இன்னொருவர் பிரிண்டில் டிக் போடட்டும். கம்ப்யூட்டர் திரையை வைத்துச் செய்யாதீர்கள், மூன்றாவது பக்கத்தில் கண் அசந்துவிடும். அப்புறம் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தனுப்பி அப்பா அம்மா கையெழுத்து வாங்குங்கள். ஏப்ரல் கடைசியில் இதை நினைத்தால் பிள்ளைகள் லீவில் போய்விடுவார்கள். அதனால்தான் ஜூனுக்குள் முடியாது என்கிறேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரையும் பிறந்த தேதியையும் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மாணவர்களுக்கான தேசிய அடையாள எண்ணான ஆபார் எடுக்கவும் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

கெலமங்கலம் கிரி | திங்கள் மதியம்

ஆசிரியர்களைக் கேட்டீர்களா என்று யாருமே கேட்கவில்லையே. டெமோ எப்போதும் தாளாளர் அறையில்தான் நடக்கும். ஓட்டுவது நாங்கள்.

மார்க் பகுதியை நீங்களே உட்கார்ந்து ஒரு வகுப்புக்கு முழுதாகப் போட்டுப் பாருங்கள். நம் முப்பருவ முறையில் பருவம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீடு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீடு 60. வளரறியிலும் அ, ஆ என்று இரண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளை மனதில் வைத்து எழுதிய மென்பொருளில் இந்தக் கணக்கு இருக்காது. அப்புறம் சேர்க்கிறோம் என்பார்கள். அப்புறம் என்றால் எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

வருகைப்பதிவு போனில் போடச் சொல்வார்கள். யாருடைய போன், யாருடைய டேட்டா? இதையும் முன்பே பேசிவிடுவது நல்லது.

நாலு மணி பஸ் | திங்கள் மாலை

நான் பள்ளி ஆளில்லை, படிக்கிற பையனின் அம்மா. போச்சம்பள்ளி பக்கம். எங்கள் பையன் படிக்கும் பள்ளியில் போன வருஷம் இப்படித்தான் மாற்றினார்கள்.

ஒரு நாள் காலையில் உங்கள் மகன் இன்று வரவில்லை என்று மெசேஜ். நான்தான் வேன் ஏற்றிவிட்டேன். வேன் டிரைவர் எடுக்கவில்லை, பள்ளி போன் பிஸி. மாட்டைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் அவசரத்தில் பக்கத்துப் பெயரைத் தொட்டுவிட்டாராம். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அனுப்புவதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை பார்க்க மாட்டார்களா?

இன்னொன்று, ஆப்பில்தான் ரசீது வரும் என்று பேப்பர் ரசீதை நிறுத்திவிட்டார்கள். ஆப் இருப்பது என் வீட்டுக்காரர் போனில், அவர் இருப்பது ஓசூரில். நான் பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தால் கட்டினேன் என்பதற்கு என்ன சாட்சி? பேப்பர் ரசீதை மட்டும் நிறுத்தாதீர்கள் சார்.

சிப்காட்2 | திங்கள் இரவு

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. வராதோர் மெசேஜ் உடனே போகாமல் அரை மணி நேரம் பிடித்துவைக்கும் வசதி அநேகமாக எல்லா மென்பொருளிலும் உண்டு. ஆபீஸில் ஒருவர் பட்டியலைப் பார்த்து, வகுப்புக்கு ஆள் அனுப்பி, சரி என்று அழுத்தினால்தான் போகும்படி வைக்கலாம். வாங்கும்போதே கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ் பற்றியும் ஒரு செலவுக் கணக்கு சொல்லிவிடுகிறேன், டெமோவில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து. தமிழில் அடித்தால் 70தான், அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கிருஷ்ணகிரி" என்று எழுதினாலே 11 போய்விடும். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜில் முடிவது தமிழில் மூன்று மெசேஜ் காசு ஆகும். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். பதியாத வாசகம் போகவே போகாது. மழைக்கு லீவு, மீட்டிங் தேதி மாற்றம், பஸ் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் மே மாதமே வாசகம் எழுதிப் பதிந்துவையுங்கள்.

சித்தேரிச் சாரல் | செவ்வாய் காலை

மலையில் அரசுப் பள்ளி ஆசிரியர். உங்களுடையது தனியார் பள்ளி, நாங்கள் எதற்கு நடுவில் என்று நினைக்க வேண்டாம். உங்களிடமிருந்து வரும் பிள்ளைகள் எங்களிடம்தான் வருகிறார்கள்.

சிக்னலைப் பற்றி முதலில். சித்தேரி, வத்தல்மலை, அந்தப் பக்கம் பெட்டமுகிளாளம், அஞ்செட்டி என்று எங்கே போனாலும் டவர் ஒரு திருப்பத்தில் இருக்கும், அடுத்த திருப்பத்தில் இருக்காது. உங்கள் பள்ளிகள் ரோட்டோரம், உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் ரோடு அகலப்படுத்த ஜேசிபி இறங்கினால் முதலில் அறுவது இணையக் கம்பிதான். நெட் இல்லாத நாளில் ரசீது எப்படிப் போடுவது, டிசி எப்படிக் கொடுப்பது என்று கம்பெனிக்காரரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே ரவுட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் புது மென்பொருளில் கட்டணம் பாக்கி இருந்தால் டிசி பிரிண்ட் ஆகாது என்று ஒரு பூட்டு இருக்கும். பெரிய வசதி என்று காட்டியிருப்பார்களே?

தென்பெண்ணை | செவ்வாய் காலை

காட்டினார்கள் சார். தாளாளருக்கு டெமோவிலேயே அதுதான் ரொம்பப் பிடித்தது.

சித்தேரிச் சாரல் | செவ்வாய் மதியம்

அதை முதலில் கழற்றச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் 5ஆம் பிரிவு, வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு டிசியை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: டிசி என்பது பாக்கி வசூலிக்கும் கருவி இல்லை, கட்டணப் பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது. பாக்கியை வசூலிக்க வேறு வழி பாருங்கள்.

பழைய முறையில் தலைமையாசிரியர் மனது வைத்தால் பேனாவில் எழுதிக் கொடுத்துவிடுவார். மென்பொருளில் பூட்டு இருந்தால் கிளார்க் "சிஸ்டம் விடமாட்டேங்குதுங்க" என்பார், பெற்றோர் திரும்பிப் போய்விடுவார்கள். எமிஸிலும் அந்தப் பிள்ளையைப் பள்ளி மாறுகிறவர்களுக்கான காமன் பூல் பட்டியலுக்கு விடாமல் வைத்திருப்பீர்கள். நாங்கள் வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்போம், பதிவில் பிள்ளை இருக்காது. அவனுக்குப் புத்தகம், சீருடை எல்லாம் பதிவை வைத்துத்தானே வரும்.

பேரேடு | செவ்வாய் மாலை

சார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், இதுதான் இந்த இழையிலேயே நான் முக்கியமாக நினைப்பது.

ஆர்டிஇ என்கிற அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளைகள் உங்கள் மூன்று பள்ளியிலும் இருப்பார்கள். பழைய மென்பொருளில் அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தனிப் பத்தியே இருக்காது. ஃபீஸ் பகுதியில் "சலுகை" என்றோ "இலவசம்" என்றோ போட்டிருப்பார்கள். ஆசிரியர் பிள்ளைக்கும் அதே "சலுகை", அண்ணன் தம்பிக்கும் அதே "சலுகை". புதுசில் ஏற்றும்போது ஃபீஸ் தொகை பூஜ்யம் என்று மட்டும் வரும், காரணம் வராது.

இதில் என்ன போச்சு என்கிறீர்களா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்பு வரை ஆர்டிஇயில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் அது உண்டு. உங்களிடம் எட்டு முடித்துப் போகும் ஆர்டிஇ பிள்ளைக்கு அந்த ஒரு குறிப்புதான் துருப்புச் சீட்டு. நாலு வருஷம் கழித்து நீட் எழுதிவிட்டு அந்தப் பிள்ளை உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து, ஆர்டிஇயில் படித்தேன் என்று சான்றிதழ் கேட்கும். அப்போது கம்ப்யூட்டரில் "கட்டணம் 0" என்று மட்டும் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சாதிப் பத்தியிலும் இதே கவனம் வேண்டும். பிசி, பிசிஎம், எம்பிசி, டிஎன்சி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று நம்மிடம் பிரிவுகள் இருக்கின்றன. வெளிமாநிலத்தில் எழுதிய மென்பொருளில் ஓபிசி என்று ஒரே பெட்டி இருக்கும். எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டால் பிரித்து எடுக்கவே முடியாது.

எல்லைச்சாவடி | செவ்வாய் இரவு

சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை, வேலை பெங்களூரில், தகவல் பாதுகாப்புத் துறை. தென்பெண்ணை முதலில் கேட்ட பயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பவர்ஸ்கூல் என்று ஒரு நிறுவனம். இந்தத் தொழிலில் மிகப் பெரியவர்களில் ஒருவர். 2024 டிசம்பரில் அவர்களுடைய வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் திருடிய கடவுச்சொல் ஒன்றை வைத்து ஒருவன் நுழைந்தான். அந்த வழியாகப் பள்ளிகளின் மாணவர், ஆசிரியர் பதிவுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். நிறுவனம் பணமும் கொடுத்தது. திருடியதை அழித்துவிட்டதாகத் திருடிய தரப்பு சொன்னதை நம்பியது. 2025 மே மாதம் பள்ளிகளுக்கே நேராக மிரட்டல் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவன் 19 வயதுக் கல்லூரி மாணவன்.

அதில் எனக்கு உறைத்தது டொரோன்டோ கல்வி வாரியம் சொன்னதுதான். 1985இலிருந்து படித்தவர்களின் விவரம்வரை அதில் போயிருக்கலாம் என்றார்கள். இப்போது ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களின் பள்ளிக்கூடப் பதிவு எதற்கு ஆன்லைனில் இருந்தது?

ஆகவே என் யோசனை இது. இப்போது படிக்கும் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள். படித்து முடித்துப் போனவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள். இல்லாத டேட்டாவை யாரும் திருட முடியாது.

பேரேடு | செவ்வாய் இரவு

தம்பி, பழைய மாணவர் டூப்ளிகேட் டிசி, படிப்புச் சான்று, தமிழ் வழிச் சான்று என்று வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் வரிசையே நிற்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு என்றதிலிருந்து ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளியிலும் வாங்க அலைகிறார்கள். அவர்களை மென்பொருளில் தேடினால் ஒரு நிமிஷம், ரிஜிஸ்டரில் தேடினால் அரை நாள்.

எல்லைச்சாவடி | புதன் காலை

ஐயா, தேடுவதற்கு வேண்டியது பெயர், சேர்ந்த வருஷம், சேர்க்கை எண் மூன்றும்தான். இதை ஒரு பட்டியலாக ஆபீஸ் கம்ப்யூட்டரில், இணையத்தோடு சேராமல் வைத்துக்கொள்ளுங்கள். அது ரிஜிஸ்டரில் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். ஆதார் எண், அப்பாவின் போன் நம்பர், சாதி, போட்டோ எல்லாம் எதற்கு?

ஆதாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. எமிஸ், மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யுடைஸ் பிளஸ், ஆபார் வேலைக்கு அந்தந்தத் தளத்தில் பதியுங்கள். உங்கள் தனியார் மென்பொருளில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் ஒன்றும் குறையாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருமே குழந்தைகள்தான், அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பேரேடு ஐயா கையெழுத்து வாங்கச் சொன்ன சீட்டிலேயே சம்மத வாசகத்தையும் தமிழில் சேர்த்துவிடுங்கள், ஒரே வேலையாக முடியும்.

அப்புறம் கடவுச்சொல். ஆபீஸில் ஆளாளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைப்பது என்றெல்லாம் இருந்தால் சர்வர் மும்பையில் இருந்தாலும் சந்திரனில் இருந்தாலும் பயனில்லை. உள்ளே நுழைய ஓடிபி வேண்டும் என்று வையுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடுங்கள்.

பேரேடு | புதன் காலை

பெயர், வருஷம், எண் மட்டும் என்றால் எனக்குச் சரி.

தென்பெண்ணை | புதன் மாலை

நிறைய வெளிச்சம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்கள். அவர்கள் கொடுத்திருப்பது ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

சிப்காட்2 | புதன் இரவு

என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தாலும் சொல்கிறேன். விலையை விட்டுவிட்டு, வெளியே போகும் வழியைப் பாருங்கள். நாளைக்கே வேண்டாம் என்று சொன்னால் முழு டேட்டாவும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், காசு வாங்காமல் கிடைக்கும்? பிடிஎஃப் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதிலிருந்து சுலபமாகத் திரும்ப எடுக்க முடியாது. எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு வேண்டும், போட்டோக்கள் சேர்க்கை எண் போட்ட கோப்புகளாக வேண்டும். நாங்கள் போன பிறகு உங்கள் சர்வரிலிருந்து அழித்துவிட்டோம் என்று எழுதியும் தர வேண்டும். மாதா மாதம் நீங்களே டவுன்லோடு செய்து பீரோவில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பழைய மென்பொருளை எழுதியவர் தொழிலை விட்டதால் இன்று மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புதுக் கம்பெனி இருபது வருஷம் இருக்கும் என்று யார் கண்டது?

தலைக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். தலை என்றால் படிக்கிற பிள்ளையா, பதிவில் உள்ள எல்லோருமா என்று எழுதி வாங்குங்கள். டிசி வாங்கிப் போனவனுக்கும் காசு கட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகளை எனக்குத் தெரியும்.

இரட்டை வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இருக்கத்தான் செய்யும். எமிஸ் அரசாங்கத்துடையது, ஃபீஸும் பஸ் ரூட்டும் அதில் வராது. இரண்டையும் தானாக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் எமிஸ் பாஸ்வேர்டைக் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கொடுக்காதீர்கள். புதுச் சேர்க்கை வரும்போது ஒரே படிவத்தை வைத்து ஒரே ஆள், ஒரே உட்காரலில் இரண்டிலும் பதிந்தால் வித்தியாசம் வராது. காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் என்றால்தான் பெயர் இரண்டு விதமாகும்.

மூன்று பள்ளியையும் சேர்த்து மாற்றாதீர்கள் என்பது கடைசியாக. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலமே பவர்ஸ்கூலை விட்டு இன்பைனைட் கேம்பஸ் என்ற வேறு மென்பொருளுக்குப் போனபோது மொத்தமாகத் தாவவில்லை. 2024இல் கொஞ்சம் மாவட்டங்கள், அடுத்த வருஷம் மீதி. காசும் ஆளும் உள்ளவர்களே அப்படி என்றால் நாம் எதற்கு அவசரப்பட வேண்டும்?

கெலமங்கலம் கிரி | வியாழன் காலை

முதல் பள்ளியில் ஓட்டும்போது அடுத்த இரண்டு பள்ளியிலிருந்தும் ஒரு கிளார்க், ஓர் ஆசிரியரை அங்கே அனுப்பி உட்கார வையுங்கள். கம்பெனி கொடுக்கும் பயிற்சியைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்தான் விஷயம் பிடிபடும். காலாண்டுத் தேர்வு மார்க்கை அதில் போட்டுப் பார்க்காமல் அடுத்த பள்ளிக்குப் போகாதீர்கள்.

தென்பெண்ணை | சனி இரவு

தாளாளரிடம் இந்த இழையைப் பிரிண்ட் எடுத்தே கொடுத்துவிட்டேன். டிசி பூட்டை எடுக்கச் சொல்ல முதலில் மனதில்லை. உயர் நீதிமன்றம் சொன்னதைப் படித்துவிட்டு வக்கீலுக்குப் போன் போட்டார், அப்புறம் ஒப்புக்கொண்டார்.

ஜூனில் காரிமங்கலம் மட்டும். அங்கும் ஃபீஸ் ரசீதும் புதுச் சேர்க்கையும்தான் முதலில், பேப்பர் ரசீது தொடரும். வருகையும் மார்க்கும் காலாண்டு வரை பழையபடி. ரிஜிஸ்டரை வைத்துச் சரிபார்க்கும் வேலை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஆர்டிஇக்குத் தனிப் பத்தி, சேர்ந்த ஆண்டோடு. மற்ற இரண்டு பள்ளியும் அடுத்த ஏப்ரலில். கம்பெனிக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது, சிஎஸ்வி விஷயத்தை எழுதித் தர ஒரு வாரம் கேட்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம் பாக்கி. அண்ணன் தங்கையைச் சேர்த்துக் காட்டுவதற்கு போன் நம்பரை வைத்துப் பொருத்தலாம் என்கிறார்கள். ஒரே நம்பர் இருந்தால் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளுமாம். சரிவருமா?

பேரேடு | ஞாயிறு காலை

வராது. நம் கிராமங்களில் போன் இல்லாத வீட்டுக்காரர்கள் மளிகைக் கடைக்காரர் நம்பரையோ வேன் டிரைவர் நம்பரையோ கொடுத்திருப்பார்கள். வேன் டிரைவருக்கு முப்பது பிள்ளைகள் என்று காட்டும். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் சந்தேகப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். தானாகச் சேர்க்க விடாதீர்கள், வகுப்பாசிரியரைக் கேட்டு ஆபீஸில் ஒருவர் சேர்க்கட்டும். அந்தப் பட்டியல் கையில் இருக்கும்போதே தப்பான போன் நம்பர்களையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வராதோர் மெசேஜ் எல்லாம் மளிகைக் கடைக்குப் போகும்.

நாலு மணி பஸ் | ஞாயிறு காலை

போகுது சார். எங்கள் ஊர்க் கடைக்காரர்தான் எல்லாருக்கும் படித்துச் சொல்கிறார்.